வராதவர்களின் கணக்கு

கண் முகாம் முடிந்தால் வந்தவர்களின் கணக்கு உடனே கிடைத்துவிடும். இத்தனை பேருக்குப் பரிசோதனை, இத்தனை பேருக்குக் கண்ணாடி, இத்தனை பேர் ஆபரேஷனுக்குத் தேர்வு என்று மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வரும். வராதவர்களுக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. வாழ்நாள் முழுக்க அந்த இரண்டாவது கணக்கையே போட்டுக்கொண்டிருந்த ஒரு மருத்துவரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமி. உலகம் அவரை 'டாக்டர் வி' என்று அறியும். எங்கள் பக்கத்தில் இன்றும் 'கண்ணாஸ்பத்திரி பெரிய டாக்டர்'தான்.

கண்புரையால் பார்வை மங்கியவர்களைத் தேடி அவருடைய ஆட்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். ஆபரேஷன் இலவசம், பார்வை திரும்பிவிடும் என்று எடுத்துச் சொன்னார்கள். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். குறித்த நாளில் பெரும்பாலோர் வரவில்லை. இந்த இடத்தில் 'ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று சொல்லிவிட்டு நகர்வதுதான் உலக வழக்கம். அரவிந்தில் அப்படி நகரவில்லை. வராதவர்களின் வீடுகளுக்கே திரும்பப் போய் ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். அதையே ஓர் ஆராய்ச்சியாகவும் நடத்தினார்கள்.

கிடைத்த பதில்கள் சாதாரணமானவை. பஸ்ஸுக்குக் காசில்லை. கூட வர ஆளில்லை; மகன் வந்தால் அவனுடைய அன்றைய கூலி போகும். ஆஸ்பத்திரியில் தங்கும் நாட்களில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஆட்டையும் மாட்டையும் யார் பார்ப்பார்கள்? கண்ணைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்ற பயம் சிலருக்கு. 'கஞ்சி காய்ச்சிக் குடிக்கிற அளவுக்குத் தெரியுது, போதும்' என்ற நிறைவு இன்னும் சிலருக்கு. அதை நிறைவு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. தன் பொருட்டு வீட்டில் யாருக்கும் செலவு வைக்கக் கூடாது என்ற முதுமையின் ஒதுங்கல் அது.

இலவசம் என்ற சொல் ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே மட்டும்தான் உண்மை. வாசல்வரை வந்து சேரும் செலவு ஏழையின் தலையிலேயே இருந்தது. அது புரிந்த பிறகு ஏற்பாடுகள் மாறின. முகாமிலிருந்து நேரே பஸ் ஏற்றி அழைத்துப் போனார்கள். தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துக் கூட்டிப்போய்ச் சேர்த்தே திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். தெரிந்த முகம் பக்கத்துப் பாயில் இருந்தால் பாதி பயம் போய்விடும். கண்ணாடி தேவைப்படுகிறவரை இன்னொரு நாள் வரச் சொன்னால் அவர் வரமாட்டார் என்று கண்டு, முகாமிலேயே லென்ஸைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்திக் கையில் கொடுத்தனுப்பினார்கள்.

இதையெல்லாம் நிர்வாகத் திறமை என்று மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஹார்வர்டில்கூட 1993 முதல் அரவிந்த் ஒரு பாடம். எனக்கு இது அன்பைப் பற்றிய விஷயமாகவே தோன்றுகிறது. கண்முன்னே ஒருவர் துன்பப்பட்டால் நம் எல்லோருக்கும் மனம் இளகும். கண்முன் வராதவரிடம் அன்பு காட்டுவது எப்படி? அவர் முகம் தெரியாது, அழுகை காதில் விழாது. இளகிய மனதை மட்டும் வைத்துக்கொண்டு அவரிடம் போய்ச் சேர முடியாது.

வெங்கடசாமி 1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரத்துக்கு அருகே அயன் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்த பள்ளிக்கூடம் அது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியலும், பிறகு சென்னை ஸ்டான்லியில் மருத்துவமும் படித்து 1944இல் டாக்டரானார். பிரசவத்தில் இளம்பெண்கள் செத்துப்போவதைச் சொந்த பந்தத்திலேயே பார்த்தவர் என்பதால், பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தபோது முடக்குவாதம் தாக்கியது. மூட்டுகள் வீங்கி, விரல்கள் கோணி, நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது பேனா பிடிப்பதே பாடாக இருந்தது. பிரசவம் பார்க்கும் கனவு அத்தோடு முடிந்தது. கண் மருத்துவத்துக்கு மாறி, கோணிய விரல்களைப் பழக்கிப் பழக்கி, கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டார். அந்தக் கைகள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு ஆபரேஷன் செய்தன.

இந்தக் கதையை மன உறுதிக்கு உதாரணமாகப் பள்ளி மேடைகளில் சொல்கிறார்கள், சொல்லட்டும். நான் யோசிப்பது வேறொன்றை. படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடந்தவருக்கு, ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதே ஒருவருக்கு எவ்வளவு பெரிய காரியம் என்பது உடம்பிலேயே தெரிந்திருக்கும். பின்னாளில் அவர் செய்த ஏற்பாடுகளில் பாதி, நோயாளி நடக்க வேண்டிய தூரத்தைக் குறைப்பதாகவே இருந்தது.

மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவராக இருபது ஆண்டுகள். 1976இல் பணி ஓய்வு. பென்ஷன் வாங்கிக்கொண்டு காலையில் நடைப்பயிற்சி போகும் வயதில், அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு மருத்துவமனை ஆரம்பித்தார். ஸ்ரீஅரவிந்தரின் அன்பர் என்பதால் அந்தப் பெயர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை; அப்பா இறந்த பிறகு தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கியவர். அவர்கள்தான் கூட நின்றார்கள். தங்கை நாச்சியாரும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவர்கள். தம்பி ஸ்ரீனிவாசன் கட்டடத்தையும் கணக்கையும் பார்த்தார். வீட்டையும் நகையையும் அடகு வைத்துக் கட்டிய ஆஸ்பத்திரி அது. வசதி உள்ளவர் கட்டணம் கொடுக்கலாம், இல்லாதவர் இலவசப் பிரிவுக்குப் போகலாம். எந்தப் பக்கம் போவது என்பது நோயாளியின் விருப்பம். ரேஷன் கார்டைக் காட்டு, வருமானச் சான்றிதழ் கொண்டு வா என்று யாரும் கேட்பதில்லை. ஏழை என்பதை நிரூபிக்கச் சொல்வதும் ஒரு வாசல்படிதான், அதில் தடுக்கித் திரும்பிப் போகிறவர்கள் உண்டு. நம்முடைய எத்தனையோ நலத்திட்ட அலுவலகங்கள் இதை இன்னும் கற்றுக்கொள்ளவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

அமெரிக்காவில் ஹாம்பர்கர் கடைகளைப் பார்த்துவிட்டு, எந்த ஊருக்குப் போனாலும் ஒரே தரத்தில் கொடுக்க அவர்களால் முடியும்போது பார்வையை ஏன் அப்படிக் கொடுக்க முடியாது என்று அவர் யோசித்தது பலமுறை எழுதப்பட்ட செய்தி. அதன் விளைவை அறுவை அரங்கில் பார்க்கலாம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் ஆபரேஷன் நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராகப் படுத்திருப்பார். முடிந்ததும் மருத்துவர் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். மற்ற வேலைகளை எல்லாம் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற பெண்கள் செய்வார்கள். நோயாளிக்கு அவர்கள் 'சிஸ்டர்'.

என் அப்பத்தாவுக்கு அங்கே ஆபரேஷன் நடந்தபோது இந்த வரிசை எனக்கு உறுத்தியது. மனுஷியை இப்படி ஒன்றன்பின் ஒன்றாக நகர்த்தலாமா, மருத்துவர் உட்கார்ந்து நாலு வார்த்தை பேச வேண்டாமா என்று தோன்றியது. அப்பத்தாவுக்கு அந்தக் குறை இல்லை. "அந்தப் பிள்ளை கையப் பிடிச்சுக்கிட்டே இருந்துச்சு சாமி, ஊர்ப்பக்கத்துப் பிள்ளைதான்" என்று சிஸ்டரைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பேச்சும் கையும் தேவைப்பட்ட இடத்தில் அதற்கென ஒருத்தி இருந்தாள். மருத்துவரின் நேரம் அவரால் மட்டுமே முடிகிற வேலைக்குப் போனது. அவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு நிமிடமும் இன்னும் பஸ் ஏறாத ஒருவருக்குச் சேர வேண்டியது என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சொட்டு மருந்து போடுகிற வேலை என்னுடையது. முதலில் அடிக்கடி, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வரவேண்டும். அட்டவணையைக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தோம். அப்பத்தாமேல் எனக்கிருந்த பாசம் எல்லா நேரமும் ஒரே அளவில் இருந்ததாகச் சொல்ல முடியாது. வேலை அசதியில் எரிச்சலோடு போட்ட நேரமும் உண்டு. ஆனால் வேளை தப்பவில்லை. அவள் கண்ணுக்கு வேண்டியிருந்தது வேளை தப்பாத அந்த மருந்துதான். நெருங்கிய ஒருவருக்கே அன்பு இப்படி ஓர் அட்டவணையில் ஏறித்தான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது என்றால், முன்பின் தெரியாத லட்சம் பேருக்கு அது எவ்வளவு வேண்டும்!

ஒழுங்கில்லாத கருணையின் விலை என்ன என்பதும் நமக்குத் தெரியும். முன்பெல்லாம் பள்ளிக்கூடங்களிலும் பந்தல்களிலும் வைத்தே ஆபரேஷன் செய்தார்கள். அவசர அவசரமாக நடந்த முகாம்களில் கிருமி தாக்கி, இருந்த பார்வையும் போன செய்திகளை நாம் படித்திருக்கிறோம். அந்த முகாம்களை நடத்தியவர்கள் கெட்ட மனதோடு நடத்தவில்லை. அரவிந்த் முகாமில் கண்ணைப் பரிசோதிப்பதோடு நிறுத்திக்கொண்டு, கத்தி வைப்பதை மருத்துவமனைக்குள் மட்டும் வைத்துக்கொண்டது.

அவருடைய ஆராய்ச்சி மனதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. அரசு மருத்துவமனையில் இருந்தபோதே, கருவிழி கரைந்த நிலையில் தூக்கிவரப்பட்ட குழந்தைகளை அவர் நிறையப் பார்த்தார். வைட்டமின் ஏ பற்றாக்குறை. முதலில் மாலைக்கண், பிறகு வெண்படலம் வறண்டுபோகும், கடைசியில் கருவிழியே உருகிவிடும். அந்தக் குழந்தைகளைப் பற்றி 1967இல் பிரிட்டிஷ் கண் மருத்துவ இதழில் எழுதினார். கீரையும் பப்பாளியும் விளைகிற மண்ணில் கீரை கிடைக்காமல் குழந்தை குருடாவது அவரால் தாங்க முடியாததாக இருந்தது. கண்ணுக்கு மருந்து போட்டு அனுப்பினால் குழந்தை அதே பசிக்குத்தான் திரும்பும் என்பதால், தாய்மாருக்குச் சமைத்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்கும் ஊட்டச்சத்து மையம் ஒன்றும் மதுரையில் உருவானது.

அந்த வழியில் பின்னால் வந்தவர்கள் திருச்சிப் பகுதிக் கிராமங்களில் சுமார் 15,000 குழந்தைகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்கு வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் ஏ. டாக்டர் லட்சுமி ரகமத்துல்லா தலைமையிலான அந்த ஆய்வு 1990இல் வெளியானது. வைட்டமின் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. கண்ணில் தொடங்கிய விசாரணை உயிரைக் காப்பாற்றுவதில் போய் முடிந்தது. அதனால் பிழைத்த குழந்தை எது என்று யாராலும் கைகாட்ட முடியாது. நன்றி சொல்ல யாரும் வரப்போவதில்லை. அப்படிப்பட்ட வேலைக்கு வாழ்நாளைக் கொடுக்கிறவர்களிடம் எனக்குத் தீராத மரியாதை உண்டு.

லென்ஸ் விஷயமும் இதே தடத்தில்தான். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை லண்டனில் ஹரோல்ட் ரிட்லி 1949இலேயே வைத்துக் காட்டிவிட்டார். போரில் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் சில்லுகள் அங்கேயே தீங்கில்லாமல் தங்கியதைக் கவனித்ததிலிருந்து வந்த யோசனை. அவரைச் சக மருத்துவர்கள் நெடுங்காலம் ஏற்கவில்லை என்பது தனிக் கதை. ஏற்ற பிறகும், ஒரு லென்ஸின் விலை நூறு டாலரை ஒட்டி நின்றது. நம் ஊர் ஏழைக்குப் புரையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடிதான். அது உடைந்தாலோ தொலைந்தாலோ மறுபடி இருட்டு. ஏழைக்கு இது போதும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். வெங்கடசாமிக்குப் போதவில்லை. 1992இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கி அங்கேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது. வெளிநாட்டு ஏழைகளின் கண்ணுக்குள்ளும் மதுரை லென்ஸ் போனது.

அவர் மறைந்து இவ்வளவு காலமான பிறகும் அவரை மகான் என்கிறார்கள். 2006 ஜூலை 7 அன்று அவர் போனபோதும் அப்படித்தான் எழுதினார்கள். பக்தி எனக்குப் புரிகிறது, ஆனாலும் ஒரு தயக்கம். மகான் என்று சொல்லிவிட்டால் அவர் செய்ததை நாம் செய்ய வேண்டியதில்லை என்றாகிவிடுகிறது. அவர் செய்தது பெரும்பாலும் விசாரிப்பதும் எண்ணுவதும் திருத்துவதும்தான். அவருடைய நாட்குறிப்புகளிலும் முடிந்த முடிவுகளைவிடத் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விகள்தான் அதிகம் என்கிறார்கள்.

கடைசிக் காலத்தில் நடந்த ஒன்று அதைக் காட்டும். கண் முகாம்தான் அவருக்கு அடையாளமாகியிருந்தது. நாற்பது ஆண்டு உழைப்பு. ஊர்களில் கணக்கெடுத்தபோது, சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் மிகச் சிறு பகுதிதான் முகாமுக்கு வருகிறது என்று தெரிந்தது. தான் வளர்த்ததையே போதாது என்று சொல்லும் அந்தக் கணக்கை அரவிந்த் மறைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து போகிற முகாமுக்குப் பதிலாக, சின்ன ஊர்களிலேயே நிரந்தரமாக ஒரு பார்வை மையம். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர் கம்ப்யூட்டர் வழியாகப் பார்த்துப் பேசுவார். தேனிப் பக்கத்தில் 2004 வாக்கில் அதைத் தொடங்கியபோது டாக்டர் வெங்கடசாமிக்கு வயது 86ஐ நெருங்கியிருந்தது. இன்று அப்படி நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.