கட்டில் வந்த கீரை

ஐப்பசி மழைக்குப் பின் எங்கள் தோட்டத்துச் சுவரில் ஒரு கொடி ஏறியது. யாரும் நட்டதில்லை. தோட்டம் சுத்தம் செய்ய வந்தவர், "பிடுங்கிடட்டுங்களா?" என்றார். பெயர் தெரியாததைப் பிடுங்க மனம் வரவில்லை. "பூக்கட்டும், பார்ப்போம்" என்றேன்.

பாகலோ என்று முதலில் நினைத்தேன். பாகலுக்குப் பற்றுக்கம்பி கணுவிலிருந்து கிளம்பும். இதற்கோ பூங்காம்பிலேயே, கொத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு கம்பிகள் சுருண்டிருந்தன. இலை மூன்று மூன்றாய்ப் பிரிந்திருந்தது. பொடிப் பொடியாய் வெள்ளைப் பூ. மார்கழியில் மூன்று பட்டையோடு பச்சைப் பலூன்களாகக் காய் தொங்கியது.

வெயில் காய வந்து உட்கார்ந்த அம்மா பார்த்தாள். "அடி, இது முடக்கத்தான்ல!"

வெட்கமாகிவிட்டது. முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், பேச்சில் முடக்கத்தான். அம்மாவின் மூட்டுவலிக்காக வாரந்தோறும் சந்தையில் நான் வாங்கும் கீரை. மாவோடு அரைத்துத் தோசை வார்ப்பேன். ஆனால் கீரைக்கட்டில் வருவது இலை மட்டுமே. அதன் பூவை, காயை, சுவர் ஏறும் விதத்தை நான் கண்டதே இல்லை.

முற்றிய காயைப் பிரித்தேன். அறைக்கு ஒன்றாக மூன்று கருமணிகள். ஒவ்வொன்றிலும் வெள்ளையாய் ஓர் இதயக் குறி. அந்தக் குறியை வைத்துத்தான் இதற்கு 'இதய விதை' என்று பொருள்படும் கார்டியோஸ்பெர்மம் என்ற பெயர்; 1753இல் வெளியான தாவரவியலாளர் லின்னேயசின் நூலிலேயே அது இருக்கிறது. பழந்தமிழ் இலக்கியத்தில் பகைவர் மதிலை வளைக்கும் படை சூடிய உழிஞை இதுதான் என்பார் அறிஞர் பலர். இத்தனை இருந்தும் எனக்கு அது தோசைக்கான கீரை, அவ்வளவுதான்.

நமக்குப் பயன்படும் இடத்தில் மட்டும் ஒன்றைப் பார்த்துவிட்டு, தெரியும் என்று சொல்லிவிடுகிறோம். செடியிடம் மட்டுமா அப்படி நடந்துகொள்கிறோம்?

அம்மா ஒரு காயைப் பறித்து உள்ளங்கையில் வைத்துத் தட்டினாள். டப்பென்று வெடித்தது. சிரித்தாள். பத்து வயதில் வேலியோரம் ஓடிக்கொண்டே தோழிகளின் நெற்றியில் இதை வெடிப்பார்களாம். எனக்குத் தெரிந்த அம்மா, சமைத்துப் போட்டவள், பிறகு மூட்டுவலிக்காரி. ஓடித் திரிந்த அந்தச் சிறுமியை நான் ஒருநாளும் விசாரித்ததில்லை.

பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் தோழிங்க உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவாங்கம்மா?" என்று கேட்டேன்.