கூலியும் தோலும்



பக்ரீத் அன்று பெருநாள் தொழுகை முடிந்த கையோடு ஐயப்பன்தாங்கலில் வீட்டுக்கு வீடு தேடுவது ஆடு அறுக்க வரும் பாயைத்தான். காட்டுப்பாக்கத்தில் இருக்கிறார், போரூரில் இருக்கிறார், அடுத்தது உங்கள் வீடுதான் என்று போனிலேயே பொழுது போகும். தொழுகைக்கு முன்னால் அறுத்தால் அது வெறும் கறி, குர்பானி ஆகாது. அதனால் எல்லா வீட்டுக்கும் அவர் ஒரே நேரத்தில் வேண்டும்.

போன பெருநாளில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தபோது மணி 12 தாண்டிவிட்டது. ஆனாலும் பதற்றமில்லை. ஆட்டின் கண்ணில் படாமல் அப்பால் போய்க் கத்தியைத் தீட்டினார். தோல் உரிக்கும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு, மடக்கிய கையைத் தோலுக்கும் சதைக்கும் நடுவே நுழைத்துத் தள்ளித் தள்ளிப் பிரித்தார். கத்தி பட்டு ஓட்டை விழுந்தால் தோல் விலை போகாது. எல்லாம் முடிந்ததும், "பாய், தோலை நான் எடுத்துக்கிறேன், கூலியில கொஞ்சம் குறைச்சுக் கொடுங்க" என்றார்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை. ஹிஜ்ரி 10-இல், தம் இறுதி ஹஜ்ஜில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 100 ஒட்டகங்களைக் குர்பானி கொடுத்தார்கள். மேற்பார்வை அலீ (ரலி) அவர்களிடம். இறைச்சி, தோல், ஒட்டகத்தின் மேல் போட்டிருந்த விரிப்பு வரை பங்கிட்டுவிட வேண்டும், அறுத்தவருக்குக் கூலியாக அதிலிருந்து எதையும் கொடுக்கக் கூடாது என்பது அவருக்கு இட்ட கட்டளை. கூலி நபியவர்கள் கையிலிருந்து போனது.

குர்பானி கடமையா என்பதிலேயே சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளுக்குள் வேறுபாடு உண்டு. ஹனஃபியில், அடிப்படைத் தேவை போகச் சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்புக்கு வசதி உள்ளவர் மீது வாஜிபு, அதாவது கட்டாயம். ஷாஃபியில் வலியுறுத்தப்பட்ட சுன்னத், அதாவது நபிவழி. கூலி விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒரே பேச்சு. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும். இறைவனுக்கென்று கொடுத்துவிட்ட ஆட்டைக் கொண்டு, உழைத்தவரிடம் நாம் பட்ட கடனைத் தீர்க்க முடியாது.

கூலியை முழுசாக எண்ணிக் கொடுத்தேன். பிறகு ஒரு பை கறி, தனியாக. கூலி தீர்ந்தபின் அன்பளிப்பாகக் கொடுக்கத் தடையில்லை. உப்புப் போட்டு மடித்த தோல், மதரஸா பிள்ளைகள் வந்த ஆட்டோவில் ஏறியது. பெரியமேட்டுத் தோல் மண்டி வரை போகும். ஒருகாலத்தில் மதரஸா பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்குக் கைகொடுத்த தோல், சில ஆண்டுகளாக அடிமாட்டு விலைக்குப் போகிறது. விலை போகாத தோல்தானே என்று அதைக் கூலியில் கழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். "அதான் கறி தர்றோமே" என்று பேரம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வரும் பக்ரீத்துக்கு ஆட்டின் விலையைக் கணக்குப் போடும்போதே அறுப்புக் கூலியையும் தனியே எடுத்து வையுங்கள். அவர் கத்தியைத் தொடுவதற்கு முன்னால் தொகையைப் பேசிவிடுங்கள்.