வௌவாலுக்கும் ஒரு ஹக்கு உண்டா?

சென்ற கோடை விடுமுறையில் புதுவையில் நமது மஹல்லாவில் நடந்த நிகழ்ச்சி இது. சுபுஹுத் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் பள்ளியை விட்டு வெளியே வந்தபோது, எதிர்வீட்டு நாட்டு வாதுமை மரத்தில் ஒரு பெரிய பழந்தின்னி வௌவால் தொங்கிக் கொண்டிருந்தது. அது தானாகத் தொங்கவில்லை. அறுந்துபோன பட்டத்தின் மாஞ்சா நூல் இறக்கையில் சுற்றி, சதையை அறுத்து, அதைக் கிளையோடு பிணைத்திருந்தது. கீழே சிறுவர்கள் கல்லும் கையுமாக நின்றார்கள்.

மோதினார் அவர்களை அதட்டினார். “கல்லைக் கீழே போடுங்கடா தம்பிகளா!” என்றார். ஆனால் பெரியவர் ஒருவர், “அது முஸீபத்து பிடித்த பிராணி. நோயைக் கொண்டுவரும். அதைக் காப்பாற்றி நமக்கு என்ன சவாபு வரப்போகிறது? விட்டுத் தள்ளுங்கள்” என்றார். இளைஞர் ஒருவர் அதற்குள் கையை நீட்டிக்கொண்டு மரமேறப் போய்விட்டார். அவரையும் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

பள்ளித் திண்ணையில் அன்று எழுந்த வாதம் நம் மனத்தை விட்டு அகலவில்லை. அழகும் இல்லாத, உண்ணவும் ஆகாத, அஞ்சத்தக்க ஓர் உயிருக்கும் நம்மீது ஹக்கு உண்டா? உண்டென்றால் அதற்கு எல்லை எது?

உயிர்களிடம் இரக்கம் காட்ட வேண்டும் என்பதை நம் மார்க்கத்தில் அறியாதவர் இல்லை. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கிக் காலுறையில் நீர் மொண்டு புகட்டியவரின் பாவங்கள் மன்னிக்கப்பட்ட வரலாற்றை நம் குழந்தைகளும் சொல்வார்கள். ஆனால் அந்த ஹதீஸில் ஒன்றை நாம் கவனிப்பதில்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அங்கே மானையோ புறாவையோ எடுத்துச் சொல்லவில்லை, நாயைச் சொன்னார்கள். நமது ஷாஃபிஈ மத்ஹபில் அதன் எச்சில் பட்ட பாத்திரத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண்ணைக் கொண்டு, கழுவ வேண்டும். அப்படி நாம் விலகி நிற்கும் பிராணிக்குச் செய்த உதவியே அங்கே கூலி பெற்றது. ஈரமுள்ள ஈரல் படைத்த எந்த உயிருக்குச் செய்யும் உதவிக்கும் நற்கூலி உண்டு என்பது அந்த ஹதீஸின் முடிவு. எந்த உயிர் என்று பட்டியல் போட நமக்கு உரிமை தரப்படவில்லை.

வௌவாலைப் பற்றியே முன்னோர்கள் பேசியிருக்கிறார்கள். தவளையையும் வௌவாலையும் கொல்ல வேண்டாம் என்று அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தடுத்ததாக இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். பைத்துல் முகத்தஸ் பாழாக்கப்பட்டபோது, பாழாக்கியவர்களை மூழ்கடிக்கக் கடலின்மீது தனக்கு அதிகாரம் தரும்படி வௌவால் இறைவனிடம் கேட்டது என்று அவர்கள் காரணமும் கூறினார்கள். இது நபிமொழியன்று, ஸஹாபியின் கூற்று. எனினும் ஒரு ஸஹாபியின் உள்ளத்தில் இச்சிறு பிராணிக்கு எத்தகைய இடம் இருந்தது என்பதை இது காட்டுகிறது.

ஈஸா (அலை) அவர்கள் களிமண்ணால் பறவை உருவம் செய்து ஊத, அல்லாஹ்வின் அனுமதியால் அது உயிர்பெற்றது என்று அருள்மறை கூறுகிறதல்லவா? அந்தப் பறவை வௌவால்தான் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். சிறகின்றிச் சதையாலேயே பறப்பதும், பல் இருப்பதும், பாலூட்டுவதும் அதன் படைப்பின் வியப்பு என்பது அவர்கள் காட்டிய காரணம். அலீ (ரலி) அவர்களுடைய உரைகள் என்று தொகுக்கப்பட்ட நஹ்ஜுல் பலாகாவிலும் வௌவாலைப் பற்றித் தனி உரை ஒன்று உண்டு. பிற உயிர்களின் பார்வையைத் திறக்கும் பகலொளி இதன் கண்ணை மூடுவதும், பறக்கும் தாயைக் குஞ்சு ஒட்டிக்கொண்டே செல்வதும் அங்கே படைத்தவனின் அத்தாட்சியாக எடுத்துக் காட்டப்படுகின்றன.

வௌவால் உண்ண ஆகாதது என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. உண்ண ஆகாதது என்றால் அடிக்கலாம் என்று பொருளாகாது. அதன் எச்சம் ஆடையில் பட்டுவிடுமே என்ற கவலைக்கும் தீர்வு உண்டு. தவிர்ப்பது கடினம் என்பதால் ஹனஃபீ சட்ட நூல்கள் அதில் சலுகை தருகின்றன. நாம் கழுவிவிட்டுத் தொழப் போகிறோம், அவ்வளவுதானே!

வௌவாலால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. இலுப்பையும் இலவும் இரவில் பூக்கின்றன. அவற்றின் மகரந்தத்தை மரம்விட்டு மரம் சேர்ப்பதில் வௌவாலுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆலின் விதையையும் புன்னையின் கொட்டையையும் நெடுந்தூரம் கொண்டுபோய்ப் போடுகிறது. காலையில் நம் முற்றத்தில் கிடக்கும் வாதுமைக் கொட்டையும் அது போட்டுப் போனதே. ஓட்டுவீடுகளில் ஒண்டும் சிறு துரிஞ்சில்களோ இரவெல்லாம் பூச்சிகளைத் தின்கின்றன.

இந்த மதிப்பு நாட்டின் சட்டத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களை எலியோடும் காக்கையோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது. அதே 1972-இல்தான் தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லொங்யா, 1948-இல் மேகமலையில் பிடிபட்டுச் சாதாரண வகையென்று எண்ணி வைக்கப்பட்டிருந்த ஒரு வௌவால் உலகம் அறியாத தனி இனம் என்று கண்டறிந்தார். பறவையியல் மேதை ஸலீம் அலீ அவர்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2022-ஆம் ஆண்டின் திருத்தத்தால் தீங்குயிர்ப் பட்டியலே நீக்கப்பட்டு, பெரிய பழந்தின்னி வௌவால் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. 2023 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது.

ஆனால், சகோதரர்களே, பயனைக் காட்டி இரக்கத்தை விலைபேச நாம் விரும்பவில்லை. பயன் தருவதால் காப்பாற்றுவோம் என்றால், பயன் தீர்ந்த அன்று கைவிடுவோம். அது வியாபாரம். முதுமையடைந்த பெற்றோரையும் நோயாளிகளையும் இந்தத் தராசில் நிறுத்தினால் நம் நிலை என்னவாகும்? பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று அல்-அன்ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. நமக்கு உதவுவதால் அவை சமுதாயங்கள் ஆகவில்லை, அவன் படைத்ததால் ஆயின.

அப்படியானால் அந்தப் பெரியவரின் அச்சம் தவறா? இல்லை. 2018-இல் கோழிக்கோட்டுப் பகுதியில் நிபா நோய் 17 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நம் யூனியன் பிரதேசத்தின் மாஹே அங்கிருந்து வெகுதூரமில்லை. அந்தக் கிருமி தங்கியிருப்பது பழந்தின்னி வௌவால்களிடம்தான். 2020-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஆய்வில், புதுவை உள்ளிட்ட நான்கு மாநில, பிரதேசங்களின் வௌவால்களிடம் ஒருவகைக் கொரோனா கிருமிகள் காணப்பட்டன. அவை மனிதருக்கு நோய் தருவதற்குச் சான்றில்லை என்றும் அவ்வாய்வாளர்கள் தெளிவுபடுத்தினார்கள்.

தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது நம் சட்டத்தின் அடிப்படை விதி. ஷாம் நாட்டில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்ட உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்பிவிட்டார்கள். அது விதியிலிருந்து ஓடுவதாகுமா என்று கேட்கப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே செல்வதாக விளக்கினார்கள். ஆகவே வெறுங்கையோடு மரமேறிய இளைஞரின் இரக்கமும் முழுமையானதன்று. அறிவில்லாத இரக்கம் தன் வீட்டாரையும் அண்டை வீட்டாரையும் ஆபத்தில் தள்ளிவிடும்.

ஆனால் அச்சம் நமக்குச் சொல்வது ‘தொடாதே’ என்பதைத்தான். ‘கல்லால் அடி’ என்றோ ‘மரத்தை வெட்டு’ என்றோ அது சொல்லவில்லை. வௌவால்களைக் கலைத்து விரட்டினால் நோயச்சம் கூடுமேயன்றிக் குறையாது என்பது அறிஞர்களின் கருத்து.

தொண்டர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்பே போட்டுக் கொள்கிறார்கள். தடித்த கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் நெருங்குவதில்லை. நூலை இழுக்காமல் சுற்றிலும் கத்தரித்து, துண்டால் மூடி, காற்றுத்துளையிட்ட பெட்டியில் இருட்டில் வைக்கிறார்கள். இறக்கைத் தோலின் சிறு கிழிசல் தானே ஆறிவிடும். நூல் இறுக்கிய இடமோ சில நாள் கழித்து அழுகவும் கூடும். ஆதலால் மருத்துவர் பார்த்தாக வேண்டும். பயிற்சி இல்லாத நாம் செய்ய வேண்டியது எளிது: குழந்தைகளையும் நாய்களையும் விலக்கி நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். வீட்டில் வைத்து வளர்க்கச் சட்டம் இடந்தராது. யாரையாவது கடித்துவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்பும் நீரும் விட்டுக் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அணில், வௌவால் கடித்த பழத்தை உண்ணலாகாது. தெரிந்த சிலர் முறையாகச் செய்தால் ஊராரின் பொறுப்பு நிறைவேறுகிறது. ஃபர்ளு கிஃபாயாவை நினைவூட்டும் நிலை இது.

டெல்லி வஜீராபாத்தில் நதீம் ஷஹ்ஸாத், முஹம்மது ஸஊத் என்ற சகோதரர்கள் மாஞ்சா நூலில் அறுபட்ட பருந்துகளுக்குப் பல்லாண்டுகளாக மருத்துவம் செய்து வருகிறார்கள். ஊனுண்ணும் பறவை என்று ஒரு மருத்துவமனை பருந்தை ஏற்க மறுத்ததே அவர்கள் தொண்டின் தொடக்கம். அவர்களைப் பற்றிய படம் 2022-இல் கான் திரைவிழாவில் பரிசு பெற்று உலகெங்கும் பேசப்பட்டது. யாரும் ஏற்காத பறவையை அவர்கள் ஏற்றார்கள்.

இனி, நம்மைச் சுடும் ஓர் உண்மை. 2011-இல் தானே புயல் புதுவையின் மரங்களைச் சாய்த்தபோது வௌவால்கள் வீடிழந்தன. அது இறைவனின் நாட்டம். ஆனால் மாஞ்சா நூல் யாருடையது? நம் வீட்டு மாடியில் நம் பிள்ளை விட்ட பட்டத்தினுடையது. நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017-இல் நாடெங்கும் தடைசெய்த பின்னும் அது விற்கிறது, நாமும் காசு கொடுக்கிறோம். அப்படியிருக்க, அறுபட்ட வௌவாலைக் காப்பாற்றுவதை நாம் தர்மம் என்று சொல்லிக்கொள்ள முடியுமா? அது நாம் பட்ட கடனை அடைப்பதல்லவா? பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை. வானமும் சில உயிர்களுக்குப் பாதைதான்.

அன்று வனத்துறை ஊழியர்கள் வந்து அந்த வௌவாலை இறக்கிக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் அது இறந்துவிட்டதாகத் தெரிந்தது. “பார்த்தீர்களா, வீண் வேலை!” என்றார் அந்தப் பெரியவர். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நாய்க்கு நீர் புகட்டியவருக்கு அது எத்தனை நாள் வாழ்ந்தது என்று கணக்குப் பார்த்தா கூலி கிடைத்தது? உயிர் கொடுப்பதும் எடுப்பதும் அவனுடைய வேலை. நம்முடையது நீர் மொண்டு கொடுப்பது மட்டுமே.

அன்று அஸருக்குப் பின், கல்லெடுத்த அதே சிறுவர்கள் மோதினாரோடு சேர்ந்து, தெருவிலும் தாழ்ந்த கிளைகளிலும் கிடந்த அறுந்த நூல்களைக் கம்பால் இழுத்து, ஒரு பை நிறையச் சுற்றி எடுத்தார்கள். உங்கள் தெருவிலும் அந்தப் பை நிறையட்டும். நம் கரங்களால் எந்த உயிரும் நோகாதிருக்க வல்ல ரஹ்மான் நமக்கு அருள் புரிவானாக! ஆமீன்.