மாமியின் கிணறு

மரணித்தவர்களின் நன்மைகளைப் பேச வேண்டும், குறைகளை விட்டுவிட வேண்டும் என்பது நமக்கு மார்க்கம் கற்றுத் தந்த ஒழுக்கம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவரிடத்தில் எது நன்மை, எது குறை என்று பிரிப்பதில்தான் தடுமாற்றம் வருகிறது. என் மாமி மௌத்தாகி மூன்று வருடங்களாகின்றன. அவரை நினைவுகூர்கிற எல்லோரும் ஒரே குரலில் சொல்வது, "முகம் சுளிக்காத மனுசி" என்பதைத்தான். மாமி முகம் சுளிப்பதை நான் பத்து வயதிலிருந்து பார்த்தவன்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து மக்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்த எங்களுக்குச் சில நாட்கள். ஏறத்தாழ 75,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தீவு மக்களில் பெருந்தொகையானோர் படகேறிக் கற்பிட்டியில் கரையிறங்கினார்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து வந்த எங்கள் குடும்பத்தோடு ஒன்பது குடும்பங்கள் ஒரு தென்னை வளவுக்குள் கிடுகுக் குடிசை போட்டோம். அது மாமிக்குச் சீதனமாக வந்த வளவு. தரவும் மறுக்கவும் அவருக்குத்தான் உரிமை இருந்தது. தந்தார்.

விருந்தாளியின் உரிமை மூன்று நாள், அதற்கு மேல் கொடுப்பது ஸதகா என்று நபிகளார் (ஸல்) அளவு வைத்திருக்கிறார்கள். நாங்கள் இருந்தது இருபது வருடம். அந்தக் காலம் முழுவதும் மாமி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். முக்கியமாகக் கிணற்றைப் பற்றி. குடாநாடு மணல் பூமி. நல்ல தண்ணீர், அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் சவர் ஏறிவிடும். ஒரு வீட்டுக்கென்று வெட்டிய கிணற்றில் பத்து வீடு இறைத்தது. சுபஹுக்குப் பிறகு வாளிச் சத்தம் கேட்கத் தொடங்கினால் மாமியின் சத்தமும் கூடவே கேட்கும். "இன்னும் ரெண்டு வருசத்துல இதுல உப்பு விளையும், பாத்துக்கங்க."

ஸதகாவைச் சொல்லிக்காட்டியும் நோவினை செய்தும் பாழாக்கிவிட வேண்டாம் என்று அல்பகரா அத்தியாயம் எச்சரிக்கிறது. அப்படியானால் மாமியின் ஸதகா பாழா? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் உறுத்தியிருக்கிறது. அதற்கு விடை ஒரு சண்டையில் கிடைத்தது. கிணற்றடியில் மாமிக்கும் எங்களூர் ராத்தா ஒருவருக்கும் வாய்த்தர்க்கம். முறை தவறி உடுப்புத் துவைத்ததுதான் காரணம். பக்கத்து வளவுக்காரர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "இடம் குடுத்தது நீங்கதானே, எழும்பிப் போகச் சொல்லுங்க" என்றார். மாமி அவர் பக்கம் திரும்பினார். "சண்டை தண்ணிக்கு. அதுக்குள்ள நிலத்த ஏன் இழுக்கிறீங்க?"

சொல்லிக்காட்டுவது வேறு, குறைப்படுவது வேறு என்பதை எந்த பயானிலும் நான் இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை. சொல்லிக்காட்டுகிறவர் வாங்கியவரைச் சிறுமைப்படுத்துகிறார். குறைப்படுகிறவர் கொடுப்பது தனக்கு எவ்வளவு பாரமாக இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறார். பாரமே இல்லாததுபோல் நடிக்கிற ஈகையைவிட இது நேர்மையானது என்பது என் கட்சி. தண்ணீருக்குச் சண்டை பிடிக்க முடிந்ததால்தான் எங்கள் பெண்களும் அந்த வளவுக்குள் தலைநிமிர்ந்து நடந்தார்கள். பிச்சை வாங்குகிறவரால் சண்டை பிடிக்க முடியாது.

புத்தளத்து மேடைகளில் அந்நாட்களில் அன்ஸார்–முஹாஜிர் ஒப்பீடு இல்லாத பேச்சே இல்லை. கிணறு, வகுப்பறை, தோட்டக் கூலி, அரச உத்தியோகம் என்று உள்ளூராருக்கு நியாயமான மனக்குறைகள் இருந்தன. வாய் திறந்தால் "நீங்கள் அன்ஸாரிகள் அல்லவா" என்றார்கள். இடம்பெயர்ந்தவர்கள் எதையாவது கேட்டால் நன்றி கெட்டவர்கள் என்றார்கள். ஒரே புகழ்ச்சியால் இரண்டு பக்கத்து வாய்களும் அடைக்கப்பட்டன. மதீனாவில் ஸஃது இப்னு ரபீஉ (ரழி) தன் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரழி) பரக்கத்துக்காகத் துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார். இந்த வரலாற்றை ஒருநாள் மாமிக்குச் சொன்னேன். "அங்க சந்தை இருந்திச்சி. இங்க இந்தச் சனத்துக்கு வெங்காயத் தோட்டத்துல கூலிதானே இருந்திச்சி" என்றார்.

2007இல் அவருடைய மகளை எனக்குத் தந்தபோது உறவினர்கள் "அகதிப் பொடியனுக்கா" என்று கேட்டார்கள். முடிவெடுத்தவர் மாமி. ஆனால் வலியாகக் கையொப்பமிட அவருக்கு இடமில்லை. மாமாதான் இட்டார். அதுவரை "டேய்" என்று கிணற்றடியிலிருந்து என்னை விரட்டியவர், நிக்காஹ் முடிந்த அன்றிலிருந்து "மகன், நீங்க" என்று மாறிவிட்டார். எனக்குத்தான் நெடுநாள் கூச்சமாக இருந்தது.

மார்க்கச் சட்டத்தில் இந்த உறவின் நிலை விசித்திரமானது. மனைவி இறந்தாலும் மணம் முறிந்தாலும் மாமி என்றென்றைக்கும் மஹ்ரம்தான். ஆனால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு வாரிசுப் பங்கு ஒரு சதமும் கிடையாது. அன்ஸார்களுக்கும் முஹாஜிர்களுக்கும் இடையில் முதலில் இருந்த வாரிசுரிமையும் பின்னர் இரத்தக் உறவுக்கே திரும்பிவிட்டது. ஆக, மாமி இறந்த பின்பு என் பொறுப்பில் எஞ்சியிருப்பது அவரைப் பற்றிச் சரியாகச் சொல்வது மட்டும்தான். 'என் தாய்' என்று கட்டுரை எழுதச் சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே தாயை எழுதிக்கொண்டு வருகிறார்கள். முகம் சுளிக்காத மாமியும் அந்த வகைதான். அந்த மாமிக்குக் கொடுப்பதில் சிரமமே இருந்திருக்காது. ஒவ்வொரு நாளும் கிணற்றை எட்டிப் பார்த்துப் பயந்து, பயந்தபடியே மறுநாளும் கிணற்றடிப் படலையைத் திறந்துவிட்டவர்தான் என் மாமி.

2010இல், யுத்தம் முடிந்த மறு வருடம், அந்தச் சண்டைக்கார ராத்தாவின் குடும்பம் மன்னாருக்குத் திரும்பியது. லொறியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மாமி வந்து, முன்பு இரவல் கொடுத்த தேங்காய் துருவலையைக் கேட்டார். ராத்தா கழுவிக் கொண்டுவந்து கொடுத்தார். மாமி பல்லைத் தடவிப் பார்த்து, "மழுங்கடிச்சிட்டீங்க" என்றார். பிறகு இரண்டு கேன் நிறையக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து லொறியின் முன் சீட்டருகில் வைக்கச் சொன்னார். அங்குள்ள கிணறுகள் இருபது வருடம் இறைக்காமல் கிடப்பவை, போனதும் வாயில் வைக்க முடியாது என்று.