உயர்த்திய கையும் உடன்படாத மனமும்

ஒருவர் எதிர்த்து வாக்களித்தும் நிறைவேறிவிட்ட ஒரு தீர்மானத்தை, மறுநாள் ஊரார் முன் தம் சொந்த நம்பிக்கையைப் போல எடுத்துரைக்க வேண்டிய கடமை அவருக்கு உண்டா என்பது அறவியலின் பழைய கேள்வி. கொச்சியை அடுத்து, பெரியாற்றின் நடுவே தீவாக அமைந்து, ஃபாக்ட் உரத் தொழிற்சாலையின் வருகையால் தொழிற்சங்கங்களின் ஊராக வளர்ந்து, 2010இல் நகராட்சியான ஏலூரில், கட்சிப் பொறுப்பேற்கும் எவருக்கும் இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காய் அன்று.

1964இல் உருவான மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் அமைப்பு, கேரளத்தில் கிளையில் தொடங்கி, லோக்கல் கமிட்டி, ஏரியா கமிட்டி, மாவட்டக் குழு, மாநிலக் குழு என ஏறி மத்தியக் குழுவை எட்டுகிறது. முடிவெடுக்கும்வரை தடையின்றி விவாதிக்கலாம், முடிவெடுத்தபின் சிறுபான்மையினர் பெரும்பான்மைக்கும் கீழ்க்குழு மேற்குழுவுக்கும் கட்டுப்பட வேண்டும் என்னும் நெறியே ஜனநாயக மத்தியத்துவம் எனப்படுவது. மறுப்புடையவர் தம் கருத்தை மேற்குழுவுக்கு எழுதலாம். ஆனால் பக்கத்துக் கிளைகளில் ஆள் திரட்டினால் அது கோஷ்டிவாதமாகிவிடும்.

சட்டத்தின் பிடி இதனினும் குறுகியது. உள்ளாட்சி உறுப்பினர்களின் கட்சித் தாவலைத் தடுக்கும் கேரளத்தின் 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, தலைவர், துணைத்தலைவர், நிலைக்குழுத் தேர்தல்களிலும் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலும் கட்சி எழுத்தில் தரும் கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் வாக்களிக்க வேண்டும் என்னும் கட்டளையை, மீறும் உறுப்பினர் எக்கட்சியினராயினும் பதவி இழக்க நேரும். சட்டம் கட்டுவது கையை மட்டுமே. கட்சி நாவையும் சேர்த்துக் கட்டுகிறது.

டிடிடி, எண்டோசல்ஃபான் முதலிய பூச்சிக்கொல்லிகள் ஆண்டுக்கணக்கில் தயாரிக்கப்பட்ட ஆலையின் அருகே, கழிவால் கெட்டுப்போன குழிக்கண்டம் ஓடைக்கரையில் குடியிருந்துகொண்டு, ஆலைக் கூலியில் அடுப்பெரிக்கும் ஒரு கட்சிக் கிளை உறுப்பினரை எண்ணிப் பார்க்கலாம். வேலையைக் காக்கும் முடிவுக்கு அவர் கட்டுப்படுவதில் இழிவில்லை, ஏனெனில் அமைப்பு இல்லாத தனித் தொழிலாளியின் குரல் ஆலை வாயிலைக்கூடத் தாண்டாது; இவ்வுண்மைக்கு உரிய எடையைத் தராததனாலேயே, கட்சிகளை அடியோடு ஒழிக்க வேண்டுமென 1943இல் வாதிட்ட பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெயிலை முழுதும் ஏற்க இயலவில்லை. ஆனால் ஓடை கெடவில்லை என்று அண்டை வீட்டாரிடம் சாதிக்கும்படி அவரைக் கேட்பது கட்டுப்பாடன்று, பொய்ச்சாட்சி. கட்சி தன் உறுப்பினரைப் பொய் சொல்ல வைக்கும் என்னும் வெயிலின் அச்சம் மெய்யாவது இங்கேதான். செயலில் ஒற்றுமையைக் கோரும் உரிமை குழுவுக்கு உண்டு. கண்ணால் கண்டதை மறுக்கச் சொல்லும் உரிமை எக்குழுவுக்கும் இல்லை.

1996இல் மார்க்சிஸ்ட் கட்சியின் மூத்த தலைவர் ஜோதிபாசு பிரதமராவதை அக்கட்சியின் மத்தியக் குழு ஏற்கவில்லை. அவர் அதற்குக் கட்டுப்பட்டார். பின்னர் அம்முடிவை வரலாற்றுப் பிழை என வெளிப்படையாகவே கூறினார். ஆயினும் 2000ஆம் ஆண்டுவரை மேற்கு வங்க முதல்வராகவே நீடித்தார். கீழ்ப்படிதலும் உண்மை பேசுதலும் ஒருவரிடமே கூடி நிற்க இயலும் என்பதற்கு இது சான்று. எனினும் மூத்த தலைவருக்கு வாய்த்த அந்த இடம், ஓடைக்கரையில் வாழும் கிளை உறுப்பினருக்கும் வாய்க்க வேண்டுமானால், அவருடைய மறுப்பு கூட்டக் குறிப்பேட்டில் பதிவாக வேண்டும். மனம் ஒப்பாத முடிவைக் குறித்து வெளியில் வாய் திறவாதிருக்கும் உரிமையேனும் அவருக்கு வேண்டும்.