பழைய பெட்டியும் புதிய பலகையும்

ஒரு பொருளைப் பழுது பார்ப்பது எதுவரையில் பழுது பார்ப்பதாக இருக்கும்? எந்த எல்லையைத் தாண்டினால் அது வேறொரு பொருளைச் செய்து, அதற்குப் பழைய பெயரைச் சூட்டுவதாக ஆகிவிடும்? கோயிலைப் பற்றியோ பழைய ஓவியத்தைப் பற்றியோ இதைக் கேட்டால் பெரியவர்களுக்குக் கோபம் வந்துவிடுகிறது. கோபம் வந்து உட்கார்ந்த திண்ணையில் சிந்தனைக்கு இடம் இருப்பதில்லை. ஆகையால் ஒரு விளையாட்டுப் பெட்டியை வைத்து இதை எண்ணிப் பார்க்க விரும்புகிறேன். அதனால் யார் மனமும் புண்படாது. கேள்வியும் தப்பி ஓடாது.

நான் சொல்லும் பெட்டி பின்பால் இயந்திரம். அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக் கம்பெனிகள் செய்து உலகமெங்கும் அனுப்பியது. நான்கு கால்களின் மேல் சற்றே சாய்ந்து நிற்கும் மரப்பெட்டி, மேலே கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் வண்ணம் தீட்டிய பலகை. காசைப் போட்டுக் கைப்பிடியை இழுத்து விட்டால் ஓர் எஃகுக் குண்டு விரைந்து மேலே ஏறும். பிறகு தடைகளில் மோதி, விளக்குகளை ஏற்றி, மணிகளை ஒலிக்கச் செய்துகொண்டு கீழே உருண்டு வரும். அது பள்ளத்தில் விழுந்துவிடாமல், துடுப்பைப் போன்ற சிறு கைகளால் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் அசையும் இந்தக் கைகள் 1947-இல் 'ஹம்டி டம்டி' என்ற இயந்திரத்தில் முதன்முதலாக வந்தன. அதற்கு முன் குண்டின் போக்கில் ஆடுகிறவன் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே அதைச் சூதாட்டம் என்றே பலர் கருதினார்கள். 1942-இல் நியூயார்க் நகரம் அதைத் தடை செய்தது. மேயர் லாகார்டியா சம்மட்டியைக் கையில் எடுத்துப் பெட்டிகளை உடைத்தார். அந்தத் தடை 1976-இல்தான் நீங்கியது. ராஜர் ஷார்ப் என்பவர் நகர மன்றக் குழுவினர் முன்னால் ஆடிக் காட்டி, குண்டு எந்த வழியில் போகும் என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே போகச் செய்தார். இது குருட்டு அதிர்ஷ்டம் அல்ல, கைத்திறன்தான் என்று குழுவினர் ஒப்புக்கொண்டார்கள்.

அதுவரை அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை ரிலேக்கள், சிறு மோட்டார்கள், கற்றை கற்றையாகக் கம்பிகள். 1977-ஐ ஒட்டி அவற்றின் இடத்தில் மின்னணுப் பலகைகள் வந்து அமர்ந்தன. அந்த ஆண்டில் பாலி கம்பெனி வெளியிட்ட 'எயிட் பால்' என்ற இயந்திரம் மட்டும் 20,000-க்கு மேல் விற்றது. அதன் பின்புறப் பெட்டியைத் திறந்தால் ஒரு பலகை தெரியும். அதில் மோட்டரோலா 6800 என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு சில்லு இருக்கும். எந்தத் தடையில் குண்டு மோதியது, எத்தனை எண்ணிக்கை சேர்க்க வேண்டும், எந்த விளக்கு எரிய வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். மின்சாரம் வந்தவுடன் அந்தப் பலகை தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும். ஒவ்வொரு சோதனை முடியும்போதும் ஒரு சிறு சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். ஏழு முறை சிமிட்டினால் எல்லாம் நலம் என்று பொருள்.

இனிமேல்தான் கதையின் துயரமான பகுதி வருகிறது. அந்தப் பலகையில் ஒரு சிறிய நிக்கல்-காட்மியம் பாட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். அதன் வேலை ஒன்றே ஒன்று: இயந்திரத்தை நிறுத்திய பிறகும் அதன் நினைவைக் காப்பது. இதுவரை ஆடியவர்களில் யார் எடுத்தது உயர்ந்த எண்ணிக்கை, பெட்டியில் எத்தனை காசு விழுந்தது என்ற கணக்குகள் மறந்துவிடாமல் அது காவல் இருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லப் பாட்டரி கசிந்தது. கசிந்த காரம் பலகையின் மேல் பரவியது. செப்புக் கோடுகள் பச்சை பூத்தன. சில்லுகளின் கால்கள் அரிக்கப்பட்டன. மூலையில் கிடந்த ஆயிரக்கணக்கான பெட்டிகள் இவ்வாறு உள்ளுக்குள்ளேயே செத்துப்போயின. நினைவைக் காக்க வைத்த காவற்காரனே வீட்டைக் கொளுத்திவிட்டான். வேலியே பயிரை மேய்ந்ததற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்படிச் செத்த பெட்டி ஒருவனிடம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு இரண்டு வழிகள். பழைய பலகையை எடுத்து, காரத்தை முறிக்க வினிகரால் கழுவி, அரித்த இடங்களைச் சுரண்டி, அறுந்த கோடுகளை ஒவ்வொன்றாக ஒட்டி, சில்லுகளைத் தேடிப் பிடித்து மாற்றுவது ஒரு வழி. இது பல நாள் வேலை. செய்து முடித்தாலும் அரிப்பு மீண்டும் எங்கேயாவது தலைகாட்டக்கூடும். மற்றொரு வழி, இந்தப் பெட்டிகளுக்கென்றே இப்போது செய்து விற்கும் புதிய பலகையை வாங்கிப் பழைய செருகிகளிலேயே பொருத்திவிடுவது. அதில் பாட்டரியே வேண்டியதில்லை. மின்சாரம் நின்றாலும் மறக்காத சில்லுகள் இப்போது வந்துவிட்டன. அரை மணி நேரத்தில் பெட்டி உயிர் பெற்றுவிடும்.

உயிர் பெற்றது எது? 1977-இல் பிறந்த பெட்டியா, சென்ற ஆண்டு பிறந்த வேறொன்றா?

இந்தக் கேள்வி மிகவும் பழையது. ஏதென்ஸ் நகரத்தார் தீசியஸின் கப்பலைப் பல தலைமுறைகள் பாதுகாத்தார்கள். உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை வைத்தார்கள். அது அதே கப்பல்தானா என்று அறிஞர்கள் வாதாடினார்கள் என்று புளூடார்க் எழுதி வைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழித்த பழைய பலகைகளையெல்லாம் ஒருவன் சேர்த்து வைத்து மறுபடியும் கப்பலாகக் கட்டினால், இரண்டில் எது தீசியஸின் கப்பல்? மிலிந்தன் என்ற கிரேக்க அரசனுக்கு நாகசேனர் என்ற பௌத்தத் துறவி தேரைக் காட்டி விளக்கினார். சக்கரம் தேர் ஆகாது. அச்சும் தேர் ஆகாது. எல்லாம் கூடி நிற்கும்போது நாம் இடும் பெயரே தேர் என்றார்.

இவர்கள் எல்லோரும் பொருளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழுது பார்ப்பவனுக்கோ அந்த வாதத்தால் இன்று செய்ய வேண்டிய வேலை எதுவும் விளங்குவதில்லை. 'இது அதுதானா?' என்று கேட்பதைவிட, 'நான் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்?' என்று கேட்டால் அவனுக்கு வழி தெரியும் என்று நான் எண்ணுகிறேன்.

முதலில் ஆட்டத்துக்கு அவன் கடமைப்பட்டவன். பின்பால் இயந்திரம் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது அல்ல. குண்டு உருளாத பெட்டி, நரம்பு அறுந்த வீணை. பழைய பலகைதான் தூய்மை என்று சொல்லி அதை ஊமையாகவே நிறுத்தி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுடைய பக்தியை நான் மதிக்கிறேன். ஆனால் பொருளின் உடம்பைக் காப்பதற்காக அதன் தொழிலைக் கொல்லும் பக்தி எனக்கு நிறைவு தருவதில்லை. மேலும், பல நாள் உழைப்புக்குக் கூலி கொடுக்க எல்லோராலும் முடியாது. கையில் சிறிது பணம் உள்ளவனுக்குப் புதிய பலகை இல்லையென்றால் அடுத்த வழி குப்பைமேடுதான்.

அடுத்து, அதை முதலில் உருவாக்கியவர்களுக்குக் கடமைப்பட்டவன். இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். புதிய பலகைகளில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, பழைய இயந்திரத்தின் ஆணைத்தொடரை எழுத்துப் பிசகாமல் அப்படியே நடத்துகிறது. மற்றொரு வகையில் ஆணைத்தொடரே புதிதாக எழுதப்பட்டது. காட்லீப் கம்பெனி 1977-இல் தொடங்கிய முதல் மின்னணு வரிசையில் ராக்வெல் நிறுவனத்தின் தனிப்பட்ட சில்லுகள் இருந்தன. அந்தச் சில்லுகளை இப்போது யாரும் செய்வதில்லை. ஆகவே அந்தப் பெட்டிகளுக்காகச் சிலர் ஆட்டத்தின் விதிகளைக் கவனித்து அவற்றைப் புதிதாகவே எழுதினார்கள்.

நான் கதை எழுதுகிறவன். என் நாவல் ஒன்று மறுபதிப்பு வரும்போது தாள் புதிது, அச்சு புதிது, அட்டை புதிது. ஆயினும் அது என் நாவல்தான் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் ஓர் அத்தியாயம் தொலைந்துவிட்டது என்று, அதைப் படித்த ஒருவர் நினைவிலிருந்து அந்த அத்தியாயத்தைத் தாமே எழுதிச் சேர்த்தால்? அவர் எவ்வளவு அன்போடு எழுதினாலும் அந்தப் பக்கங்களில் நடப்பது என் குரல் அல்ல. வாசகர்கள் வேறுபாட்டை உணராமல்கூடப் போகலாம். அப்படிப் போனாலும், 'இந்த அத்தியாயம் இன்னார் எழுதியது' என்று ஒரு வரி போடாமல் விடுவதை நான் பொறுக்க மாட்டேன். பலகையிலும் இப்படித்தான். செம்பும் பிளாஸ்டிக்கும் மாறினால் தாள் மாறியதைப் போல. ஆணைத்தொடர் மாறினால் சொல்லே மாறியதைப் போல. வெளியே பார்ப்பவர்கள் பெரிய மாற்றம் என்று எண்ணுவது சிறியது. கண்ணுக்குத் தெரியாதது பெரியது.

மூன்றாவதாக, பின்னால் வருகிறவனுக்குக் கடமைப்பட்டவன். 'ஆட்டம் நன்றாக நடக்கிறது. உள்ளே என்ன இருந்தால் வாங்குபவனுக்கு என்ன நஷ்டம்?' என்று ஒரு வியாபாரி கேட்கலாம். கேள்வி சாமர்த்தியமானதுதான். ஆனால் 1977-ஆம் ஆண்டுப் பெட்டி, ஒன்றும் மாறவில்லை என்று நம்பி அதிக விலை கொடுத்தவன், ஆட்டத்துக்கு மட்டும் விலை கொடுக்கவில்லை. ஒரு சாட்சியத்துக்கும் விலை கொடுத்தான். அந்தக் காலத்து மனிதர்கள் இப்படித்தான் கோடுகளை இழுத்தார்கள், இப்படித்தான் சில்லுகளை அடுக்கினார்கள் என்பதற்கு அது சாட்சி. பொய்ச் சாட்சியை விற்பதும் பொய்தான். அவனுக்குப் பிறகு பெட்டியைத் திறக்கும் தொழிலாளியும் பழைய வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அதில் இல்லாத பலகையின் முன்னால் திகைத்து நிற்பான். ஒரு துண்டுச் சீட்டில் நான்கு வரி எழுதி உள்ளே ஒட்டினால் இந்த அநியாயம் நடக்காது.

புதிய பலகைக்கு ஆதரவாக இவ்வளவு சொன்ன நான், அதனால் வரும் இழப்பையும் சொல்ல வேண்டும். எல்லோரும் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டால், கருகிய கோட்டைக் கண்டுபிடித்து உயிர்ப்பிக்கும் கை அரிதாகிவிடும். இந்த இழப்புக்கு என்னிடம் மருந்து இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். கழற்றிய பலகையை எறியாமல், கசிந்த பாட்டரியை வெட்டி எடுத்துவிட்டு, கழுவி உலர்த்தி, ஓர் உறையில் போட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். நல்ல தொழிலாளிகள் அப்படிச் செய்கிறார்கள். ஹாப்ஸ் சொன்ன பழைய கட்டைகளைப் பொறுக்குகிறவனுக்கு அப்போது வேலையே இல்லை. இரண்டு கப்பல்களும் ஒரே துறையில் நிற்கும்.

இதிலிருந்து எனக்குப் புலப்படும் நெறி எளியது. திருத்துகிறவன் தன் திருத்தத்தை மறைக்கக் கூடாது. திரும்பப் பெற முடியாத திருத்தத்தை, வேறு வழி இருக்கும்போது செய்யக் கூடாது. பழைய செருகிகளில் ஒரு கம்பியையும் வெட்டாமல் பொருந்தும் பலகையில் ஓர் அடக்கம் இருக்கிறது. 'இன்று எனக்குத் தெரிந்தது இவ்வளவு. நாளை உங்களுக்கு அதிகம் தெரிந்தால் என்னைக் கழற்றிவிடுங்கள்' என்று அது சொல்கிறது. பெட்டியைத் துளைத்து, கம்பியை அறுத்து, தன் வசதிக்கு ஏற்றபடி மாற்றுகிறவன் நாளைக்குப் பேச்சுரிமை இல்லாமல் செய்துவிடுகிறான்.

கோயிலிலும் ஓவியத்திலும் கைவைப்பவர்கள், சட்டங்களையும் வழக்கங்களையும் திருத்த முன்வருபவர்கள், எல்லோரும் இந்த விளையாட்டுப் பெட்டியின் பின்கதவைத் திறந்து ஒரு முறை பார்க்கலாம். புதியது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அரித்துப்போனதைக் கட்டிக்கொண்டு அழுவதில் பயன் இல்லை. புதியதை வைக்கும்போது அதன் பெயரையும் ஆண்டையும் அருகில் எழுதி வையுங்கள். பழையதைப் பக்கத்திலேயே பத்திரப்படுத்துங்கள். நம் பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்பதை அவர்கள் வந்து முடிவு செய்துகொள்ளட்டும்.