குறையாத மதி



அட்டமியிலும் சதுர்த்தசியிலும் நோன்பு நோற்கும் நமக்கு வளர்பிறையும் தேய்பிறையுமே நாட்கணக்கு. ஆயினும் நிலவு ஏன் தேய்கிறது என்று பிள்ளைகள் வினவினால் நம்மில் பலர் தடுமாறுகிறோம்.

பூமியின் நிழலால் என்பார் சிலர். அது பிழை. அந்நிழல் நிலவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. நிலவுக்குத் தன்னொளி இல்லை. கதிரவனை நோக்கிய அதன் பாதி ஒளிபெற்று விளங்குகிறது. நிலவு பூமியைச் சுற்றி வருகையில் அவ்வொளிப் பாதியில் எவ்வளவு நம் பக்கம் திரும்பியுள்ளதோ அவ்வளவே நாம் காணும் பிறை. அமாவாசையன்று அது முழுதும் நமக்கு அப்பாற்பட்டிருக்கும். இருட்டறையில் ஒரு விளக்கை ஏற்றி, எலுமிச்சம்பழத்தைத் தலைக்குச் சற்று மேலாக நீட்டிப் பிடித்து, நின்ற இடத்திலேயே சுற்றிவரச் செய்தால் சிறுவனும் இதனைக் கண்டுகொள்வான்.

சூரியப் பிரஞ்ஞப்தி முதலிய நம் நூல்களோ, நித்திய ராகுவின் கரிய விமானம் நிலவை நாளொன்றுக்குப் பதினைந்தில் ஒரு கூறாக மறைத்துப் பின் விலகுகிறது என்கின்றன. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளிடம் மறைப்பானேன்? ஒன்றை மறைத்தால் நாம் கூறும் மற்றவற்றையும் அவர்கள் நம்பார்.

நம் புதுவையிலேயே ஒரு செய்தி உண்டு. வெள்ளிக்கோள் கதிரவனைக் கடப்பதைக் காண 1768இல் இங்கு வந்த பிரெஞ்சு வானியலறிஞர் லெ ஜான்தீல், உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் பயின்றார். அத்தமிழர் சோழிகளைப் பரப்பி 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். கிரகணம் நீடித்த காலத்தில் பிழை வெறும் 41 விநாடி! அக்கணிதத்திலும் ராகு உண்டு. ஆனால் அங்கே அது நிலவின் பாதை கதிரவனின் பாதையை வெட்டும் புள்ளி. பெயர் ஒன்று, பொருள் வேறு. எந்த நயத்தில் நின்று ஒரு சொல் கூறப்பட்டது என்று கேட்பதன்றோ அனேகாந்தம்? (பாவம், அவ்வறிஞர் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தும், 1769 ஜூன் 4ஆம் நாள் காலை மேகம் திரண்டு வெள்ளியை மறைத்துவிட்டது.)

நிலவைப் பற்றி இன்றைய வானியல் கூறுவதே மெய் என நாம் ஏற்கிறோம். அதனால் நற்காட்சி குன்றாது. உயிர் முதலிய தத்துவங்களில் கொள்ளும் தெளிவே நற்காட்சி. கோள்களின் கணக்கு அன்று.

நிலவுக்குப் பொருந்தாத அந்த ராகு, உயிருக்குப் பொருந்துகிறது. நிலவை மறைப்பது எதுவுமில்லை. நாம் நிற்கும் இடமே அதனைக் குறைத்துக் காட்டுகிறது. உயிரையோ ஞானாவரணீய வினை மெய்யாகவே மறைக்கிறது. நிலவின் ஒளி இரவல். உயிரின் ஞானம் இயல்பு. நிலவு நிறைந்தபின் மீண்டும் தேயும். கேவலஞானம் எய்திய உயிர் தேய்வதில்லை.

கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நமக்குப் பௌர்ணமி மாலை ஓய்ந்த வேளைதான். பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வோம். நகரின் பின்னே கதிரவன் இறங்க, முன்னே கடலினின்று மதி எழும். நடுவில் நிற்பவர் நாம் என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும்.